கேஸ் மாத்திரைக்கும் கெடு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் 'விருந்துக்குப் போகும் முன்' என்று ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தீர்கள். கறி விருந்தோ கல்யாண விருந்தோ, கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் வயிறு உப்பாது, இரவு படுக்கும்போது இன்னொன்று போட்டால் நெஞ்சு கரிக்காது என்று அதில் இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. 'வாசகர் குறிப்பு' என்று மட்டும் இருந்தது. திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் அந்தக் கட்டத்தை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். "ஏனுங்க, இதுல போட்டிருக்கற மாத்திரைல ஒரு பத்து குடுங்க. வர்ற ஞாயித்துக்கெழம மச்சான் ஊட்டுல கெடா வெட்டு" என்றார். உங்களுக்கு எழுதியே ஆகவேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

நான் வெள்ளகோவில் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவள். பார்மசி படித்திருக்கிறேன், லைசென்ஸ் என் பெயரில், கல்லாவிலும் நானேதான். எங்கள் பக்கம் மாசி பிறந்துவிட்டால் நோம்பி, கெடா வெட்டு, சீர், கல்யாணம் என்று வயிற்றுக்கு ஓய்வே கிடையாது. அந்த மாசங்களில் காய்ச்சல் மாத்திரையைவிட கேஸ் மாத்திரைதான் அதிகம் போகும். விற்றால் எனக்கு லாபம், சொல்லப்போனால் உங்கள் குறிப்புக்கு நான் நன்றி சொல்லவேண்டும். ஆனால் அது தப்பான குறிப்பு. எங்கே தப்பு என்று சொல்கிறேன்.

ஜனங்கள் 'கேஸ் மாத்திரை' என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் ஒரு கேப்சூல். அதற்குள் இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று பான்டோப்ரசோல் அல்லது ரபிப்ரசோல். வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும். இதைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். இன்னொன்று டோம்பெரிடோன். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது வாயுவைக் கரைக்கிற மருந்து இல்லை. இரைப்பையின் அசைவைத் தூண்டி, உள்ளே கிடப்பதைச் சீக்கிரம் சிறுகுடலுக்குத் தள்ளிவிடும், குமட்டலையும் வாந்தியையும் அடக்கும். டோபமைன் என்று உடம்பில் ஓடும் ஒரு ரசாயனத்தை வேலை செய்யவிடாமல் தடுத்துத்தான் இதைச் செய்கிறது. 1970-களில் பெல்ஜியத்தில் கண்டுபிடித்தது. வாந்திக்கு நல்ல மருந்து, அதில் எனக்கு வழக்கே இல்லை.

வழக்கு அளவில்தான். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் கூடாது. ஆக நாள் முழுதுக்கும் சேர்த்து 30 மி.கி. இப்போது வீட்டில் இருக்கும் அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 'டோம்பெரிடோன் 30 மி.கி., எஸ்.ஆர்.' என்று இருக்கும். எஸ்.ஆர். என்றால் மெள்ள மெள்ளக் கரைகிற வகை. ஒரு நாளைக்கு உண்டான முழு அளவையும் ஒரே கேப்சூலில் அடைத்துவைத்திருக்கிறார்கள். உங்கள் குறிப்பில் சொன்னபடி பகலில் ஒன்று, ராத்திரி ஒன்று போட்டால் 60. இதற்கு நடுவே பஸ் பிரயாணத்தில் குமட்டும் என்று பைக்குள் வைத்திருக்கும் வாந்தி மாத்திரையிலும் பல சமயம் இதே டோம்பெரிடோன்தான் இருக்கும். மேலே பெயர் வேறு, அட்டை நிறம் வேறு. கேட்டால் "இது கேஸுக்கு, அது வாந்திக்குங்க" என்பார்கள்.

அளவுக்கு அடுத்தது கெடு. இதை எத்தனை நாள் போடலாம் என்று கேட்டு வாங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு. எங்கள் ஊரில் ஓர் ஆத்தா உண்டு. மாசம் பிறந்தால் வெத்தலைப் பையிலிருந்து காலி அட்டையை எடுத்து நீட்டுவார். "அம்மிணி, இதே மாதிரி ஒண்ணு குடு கண்ணு."

"எப்ப இருந்துங்காத்தா போடறீங்க?"

"அது கெடக்குது, பேரன் கண்ணாலத்துல இருந்து."

பேரனுக்கு இப்போது குழந்தை நடக்கிறது. அந்த ஆத்தாவுக்கு சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, கால் வீக்கத்துக்கு நீர் பிரிகிற மாத்திரையும் உண்டு. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. 2021-ல் அந்தத் திட்டம் வந்ததில் இருந்து மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் எங்கள் பக்கம் குறைந்துவிட்டார்கள், அதைச் சொல்லவேண்டும். ஆனால் வீட்டுக்கு வரும் தன்னார்வலரின் நோட்டில் அவர் கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. நீர் மாத்திரை எழுதிய டாக்டரின் சீட்டில் அது மட்டும் இருக்கிறது. கேஸ் மாத்திரை எந்த நோட்டிலும் எந்தச் சீட்டிலும் இல்லை. அது வெத்தலைப் பைக்குள் இருக்கிறது. டாக்டர் "வேற என்ன மாத்திரை போடறீங்க?" என்று கேட்டால் ஆத்தா "வேற ஒண்ணுமில்லீங்க சாமி" என்றுதான் சொல்வார். பொய் சொல்லவில்லை, கேஸ் மாத்திரையை அவர் மருந்து என்றே நினைக்கவில்லை.

இதில் என்ன ஆபத்து என்றால், டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். இ.சி.ஜி.யில் 'க்யூ.டி.' என்று அளப்பது அதைத்தான். இந்த மருந்து அந்த நேரத்தை நீட்டிவிடலாம். ரொம்ப நீண்டால் துடிப்பு தாறுமாறாகி, ஆள் மயங்கி விழலாம், அபூர்வமாக உயிரே போகலாம். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், நாளைக்கு 30 மி.கி.க்கு மேல் போடுகிறவர்கள், ரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்தவர்கள், இதய பலவீனம் உள்ளவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், இவர்களுக்குத்தான் பயம் அதிகம். நீர் மாத்திரை பொட்டாசியத்தைக் குறைக்கும். கேப்சூலில் கூடவே இருக்கும் பான்டோப்ரசோலை வருஷக்கணக்கில் போட்டால் மக்னீசியம் குறையலாம். அந்த ஆத்தாவின் பைக்குள் இவ்வளவும் ஒன்றாகக் கிடக்கிறது.

இது புதிதாகக் கிளப்பிவிட்ட புரளி இல்லை. டோம்பெரிடோனை ஒரு காலத்தில் ரத்தக்குழாயில் ஊசியாகவும் போட்டார்கள், இதயக் கோளாறு வருகிறது என்று 1980-களில் அந்த ஊசியை நிறுத்திவிட்டார்கள். சிசாப்ரைடு என்று இன்னொரு மருந்து இருந்தது, இதுவும் வயிற்றைத் தள்ளுகிற வேலைதான் செய்தது. துடிப்புக் கோளாறால் அமெரிக்காவில் 2000-ல் விற்பனையை நிறுத்தினார்கள், நம் நாட்டில் 2011-ல் தடை வந்தது. டோம்பெரிடோன் சிசாப்ரைடு அளவுக்கு மோசமில்லை. இருந்தாலும் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் இதற்கு வரம்பு கட்டியது: குமட்டல், வாந்திக்கு மட்டும் கொடுங்கள், வயிற்று உப்புசத்துக்கும் நெஞ்சுக்கரிப்புக்கும் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாதீர்கள் என்றது. பிரிட்டனில் அதுவரை சீட்டு இல்லாமல் கிடைத்ததை அதே வருஷம் டாக்டர் சீட்டுக்கு மாற்றினார்கள். அமெரிக்காவில் மனிதருக்கு இதை விற்க அனுமதியே கொடுக்கவில்லை. குதிரைக்குக் கொடுத்திருக்கிறார்கள்! சினைக் குதிரைக்கு, ஒரு வகைப் புல்லைத் தின்று பால் வற்றிப்போகாமல் இருக்க. அந்தியூர் சந்தைக்கு வரும் குதிரைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

நம் ஊரில் டாக்டர்கள் இதை நெஞ்சுக்கரிப்புக்கும் செரிமானத்துக்கும் எழுதத்தான் செய்கிறார்கள். பலகாலச் சர்க்கரையால் இரைப்பையின் நரம்பு தளர்ந்து, சாப்பிட்டது மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும் நோயாளிகளுக்கு நாள் நீட்டிக் கொடுப்பதும் உண்டு. அப்படிக் கொடுப்பவர் இ.சி.ஜி. பார்த்து, மற்ற மாத்திரைகளையும் பார்த்துத்தான் கொடுப்பார். அவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தவேண்டாம், அடுத்த முறை போகும்போது "இதை இன்னும் எத்தனை நாள் போடறதுங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். நான் பேசுவது, எப்போதோ யாருக்கோ எழுதின சீட்டை வைத்துக்கொண்டு, அல்லது சீட்டே இல்லாமல், பொரிகடலை மாதிரி வாங்கிப் போடுகிறவர்களைப் பற்றி.

சேரக்கூடாத மருந்துகள் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இது எங்கள் ஊருக்கென்றே அமைந்தது. தேங்காய்க் களத்திலும் தறிக் குடோனிலும் வேர்வையோடு வேலை செய்கிறவர்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் படை வரும். அதற்கு இட்ராகோனசோல் கேப்சூல் வாரக்கணக்கில் எழுதுகிறார்கள். அதைப் போட்டால் சிலருக்கு வயிறு குமட்டும். உடனே அவர்களாகவே ஒரு கேஸ் கேப்சூலைச் சேர்த்துக்கொள்வார்கள். இப்போது என்ன நடக்கிறது பாருங்கள். இட்ராகோனசோல் கல்லீரலில் டோம்பெரிடோன் சிதைந்து வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது, ரத்தத்தில் டோம்பெரிடோன் பல மடங்கு தேங்குகிறது. இன்னொரு பக்கம், இட்ராகோனசோல் கேப்சூல் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், அந்த அமிலத்தை கேஸ் கேப்சூல் குறைத்துவிடுகிறது. படையும் போகாது, இதயத்துக்கும் ஆபத்து. "ரெண்டு மாசமா மருந்து சாப்படறேன், படை போகவே மாட்டீங்குது" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கேஸ் மாத்திரையைத்தான். இதே மாதிரி தொண்டைப் புண்ணுக்கும் நெஞ்சுச் சளிக்கும் தரும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசினோடும், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோலோடும் டோம்பெரிடோன் சேரவே கூடாது. இதயத் துடிப்புக்கு, மனநோய்க்கு மாத்திரை போடுகிறவர்களும் கேட்காமல் தொடக்கூடாது.

பெண்களுக்கு ஒன்று. இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று யோசித்தேன், எழுதினால்தான் தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு பெண், கல்யாணம் ஆகாத பிள்ளை, கடையில் கூட்டம் போகும்வரை காத்திருந்து கேட்டாள். மாசவிலக்கு நின்றுவிட்டது, மார்பில் பால் மாதிரி கசிகிறது. அம்மாவிடம் சொன்னால் வேறு மாதிரி நினைத்துவிடுவாள் என்று அழுகை. என்ன மாத்திரை போடுகிறாய் என்றேன். நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டு வயிற்றெரிச்சல் என்று ஒரு டாக்டர் எப்போதோ எழுதிய கேப்சூலை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அதில் இருந்தது லெவோசல்பிரைடு, இதுவும் வயிற்றைத் தள்ளுகிற மருந்துதான். டோம்பெரிடோனும் லெவோசல்பிரைடும் புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோனை ஏற்றிவிடும். மாசவிலக்கு தவறும், பால் கசியும், ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கும். மகப்பேறு டாக்டரிடம் அட்டையோடு போகச் சொன்னேன். ரத்தம் பார்த்து, மருந்தை நிறுத்தி, சில வாரத்தில் எல்லாம் பழையபடி ஆயிற்று. அதுவரை அந்தப் பிள்ளை பட்ட வெசனம் கொஞ்சமில்லை.

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். மெட்டோகுளோப்ரமைடு என்று பழைய வாந்தி மருந்து ஒன்று, மாத்திரையாகவும் சிரப்பாகவும் ஊசியாகவும் உண்டு. டோம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது, இது போகும். பிள்ளைகளுக்கும் இளவயசுக்காரர்களுக்கும் அளவு கொஞ்சம் கூடினாலும் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், கண் மேலே சொருகும், நாக்கு வெளியே தள்ளும். எங்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்கு இப்படி ஆனபோது காத்து கருப்பு அண்டிவிட்டது என்று பாடம் போடக் கூட்டிப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு நர்ஸ் பார்த்து அரசு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். அங்கே ஒரு ஊசி போட்டதும் கழுத்து நேரானது. பெரியவர்களுக்கு மாசக்கணக்கில் கொடுத்தால் கை நடுக்கமும், உதடும் தாடையும் தானாக அசைவதும் வரும், மருந்தை நிறுத்தினாலும் சிலருக்கு அது போகாது. அமெரிக்க மருந்துத் துறை 2009-ல் இதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது அதற்காகத்தான். ஐரோப்பாவில் 2013-ல் அதிகபட்சம் ஐந்து நாள் என்று கட்டிவிட்டார்கள். வீட்டில் பெரியவருக்குத் திடீரென்று நடை தேய்ந்து கை நடுங்கினால், நடுக்கத்துக்கு மாத்திரை தேடும் முன் வயிற்றுக்கு என்ன போடுகிறார் என்று பாருங்கள்.

டாக்டர் எழுதித்தந்து போடுகிறவர்கள் எப்படிப் போடவேண்டும் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. சாப்பாட்டுக்குக் கால் மணியில் இருந்து அரை மணி நேரம் முன்பு, தண்ணீரோடு. எஸ்.ஆர். கேப்சூலை உடைத்தோ மென்றோ சாப்பிடக்கூடாது, உடைத்தால் நாள் முழுக்கக் கரையவேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது. வெள்ளையாகவோ ரோஸ் நிறத்திலோ இருக்கும், அமிலத்தைத் தணிக்கும் சிரப்பை அதே நேரத்தில் குடித்தால் டோம்பெரிடோன் சரியாக உடம்பில் சேராது, சிரப்பு வேண்டுமானால் சாப்பிட்ட பிறகு. போட்டபின் படபடப்பு, கிறுகிறுப்பு, மயக்கம் வந்தால் நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டும்.

யார் தொடவே கூடாது என்றால், குடலில் அடைப்பு, ஓட்டை, ரத்தக்கசிவு இருக்கிறவர்கள். முன்னால் பாதை அடைபட்டு நிற்கும் வண்டி மாட்டைப் பின்னால் இருந்து தார்க்குச்சியால் குத்துவது மாதிரி அது. வயிறு கல்லாகி, வாயு பிரியாமல், பச்சையாக வாந்தி எடுக்கிறவருக்கு "ஒரு கேஸ் மாத்திரை போட்டுப் பாருங்க" என்று சொல்லக்கூடாது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, சாப்பாடு விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, இதெல்லாம் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பார்க்கவேண்டிய அறிகுறிகள்.

அப்புறம் நெஞ்சு. நெல் லோடு லாரி ஓட்டும் ஒருவர் ஒரு நாள் மத்தியானம் வந்தார். "நெஞ்சுல கேஸ் அடைச்சுக்கிச்சுங்க, நல்ல மாத்திரையா ஒண்ணு குடுங்க" என்றார். மின்விசிறிக்கு அடியில் நின்றும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் மாத்திரை கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டார். 108-க்குப் போன் செய்து உட்காரவைத்தேன். இ.சி.ஜி.யில் மாரடைப்பு என்று வந்தது, இப்போது நன்றாக இருக்கிறார், லோடு மட்டும் ஏற்றுவதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமல் மேல் வயிற்று அமுக்கமும் குமட்டலும் மட்டுமே மாரடைப்பாக வரலாம். நடந்தால் கூடி, நின்றால் குறைகிற 'கேஸ்', வேர்வையோடும் மூச்சு வாங்கலோடும் வருகிற 'கேஸ்', தாடைக்கோ கைக்கோ ஏறுகிற 'கேஸ்', இதெல்லாம் இ.சி.ஜி. எடுக்கும்வரை கேஸ் இல்லை.

சரி, இத்தனை பேருக்கு ஏன் வயிறு மந்தமாகவே இருக்கிறது? கல்லாவில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கேஸ் மாத்திரை வாங்கும் அதே கையில் பலர் மூட்டுவலி மாத்திரையும் வாங்குகிறார்கள். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வகையறா. வெங்காயம் நடவு, மஞ்சள் வெட்டு, தறி என்று குனிந்தும் நின்றும் வேலை, ராத்திரி முதுகு பிடித்துக்கொள்ளும், வெறும் வயிற்றில் வலி மாத்திரை, காலையில் எரிச்சல், அதற்கு கேஸ் மாத்திரை. வலி மாத்திரை இரைப்பையின் உள்தோலை அரிக்கிறது, வயிற்றைத் தள்ளுகிற மருந்தால் அந்தப் புண் ஆறாது. இன்னும் சிலருக்கு சர்க்கரைக்குப் போடும் மெட்பார்மினாலேயே வயிறு உப்பும், குமட்டும். சாப்பாட்டோடு போட்டாலோ, டாக்டரைக் கேட்டு மெள்ளக் கரையும் வகைக்கு மாறினாலோ பலருக்குச் சரியாகிவிடுகிறது. இப்போது எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறார்கள், ஈரோடு, கோயம்புத்தூரில் வசதியானவர்கள் மத்தியில் அதுதான் பேச்சு. அந்த ஊசியின் வேலையில் ஒன்றே இரைப்பையை மெதுவாகக் காலியாகவைப்பது. ஊசி ஒரு பக்கம் பிடித்து நிறுத்த, மாத்திரை மறுபக்கம் தள்ள, இரண்டுக்கும் காசு கொடுக்கிறோம். ஊசி எழுதிய டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்துப் பார்ப்பார்.

ராத்திரி ஷிப்ட் தறிக்காரர்களிடம் நான் மாத்திரையைப் பற்றிப் பேசுவதே இல்லை, டீயைப் பற்றித்தான் பேசுகிறேன். வெறும் வயிற்றில் நாலைந்து டீ, நடுவில் புகையிலை, விடியக்காலையில் வயிறு முட்ட புரோட்டா, உடனே படுக்கை. எந்த மருந்து வந்து என்ன செய்யும்? சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்வேன், கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு அடியில் செங்கல் வைக்கச் சொல்வேன். எதுக்களிப்புக்கு அது உண்மையிலேயே பலன் தரும்.

சுக்குக் காப்பிக்கோ ஓமத் தண்ணிக்கோ நான் எதிரி இல்லை, விருந்துக்குப் பிறகு பச்சைப்புளி ரசம் என் வீட்டிலும் உண்டு. ஆனால் சோடா உப்பு பாக்கெட்டில் சோடியம் ஜாஸ்தி, பிரஷர்காரர்களுக்கு ஆகாது. அதிமதுரம் சேர்ந்த பொடியைத் தினமும் சாப்பிட்டால் அதுவும் பொட்டாசியத்தைக் குறைத்து பிரஷரை ஏற்றும். நாட்டு மருந்து என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

என் சக கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இது 'எச்' அட்டவணையில் உள்ள மருந்து, சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்று அட்டையிலேயே சிவப்பில் அச்சிட்டிருக்கிறது. நாம் கொடுக்காவிட்டால் எதிர்க்கடையில் கொடுப்பார்கள் என்பதுதான் நாம் எல்லோரும் சொல்கிற காரணம், எதிர்க்கடைக்காரரும் அதையேதான் சொல்கிறார். நான் செய்வது சின்ன வேலை. சீட்டோடு வருகிறவர்களுக்கு அட்டையின் மேல் மார்க்கரால் நிறுத்தவேண்டிய தேதியை எழுதித் தருகிறேன். டாக்டர் ஏழு நாள் எழுதியிருந்தால் ஏழு மாத்திரையைத்தான் வெட்டித் தருகிறேன், மிச்சம் வீட்டில் கிடந்தால்தானே பக்கத்து வீட்டுக்குப் போகும். அமிலம் குறைக்கும் மருந்தை மட்டும் சில வாரம் தொடரவேண்டியிருந்தால் டோம்பெரிடோன் சேராத தனி மாத்திரை இருக்கிறது, விலையும் கம்மி. "டாக்டர்கிட்ட இதைக் கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினால் பாதிப்பேருக்கு மேல் மாற்றி எழுதி வாங்கி வருகிறார்கள். அமில மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் சில நாள் எரிச்சல் முன்னைவிடக் கூடும். அப்போது பயந்து திரும்பவும் ஆரம்பித்துவிடாமல், எப்படிக் குறைப்பது என்று டாக்டரிடம் கேட்டுக் குறைக்கவேண்டும்.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டத்துக்குத் திருத்தம் ஒன்று போடுங்கள். இந்தக் கடிதம் முழுவதையும் போட இடம் இருக்காது என்று தெரியும், வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். 30 மி.கி. கணக்கையும், ஒரு வாரக் கெடுவையும், 60 வயதுக்காரர்கள் பற்றிய பகுதியையும் மட்டும் வெட்டவேண்டாம்.

இன்னொரு தகவலும் போட்டால் நல்லது. எந்த மருந்தாலாவது உடம்புக்கு ஏதாவது ஆனால் அதைத் தெரிவிக்க மத்திய அரசு 2010-ல் இருந்து ஒரு கண்காணிப்புத் திட்டம் நடத்துகிறது. 1800-180-3024 என்ற எண்ணுக்கு வேலை நாட்களில் கூப்பிடலாம், கட்டணமில்லை. டாக்டர்தான் கூப்பிடவேண்டும் என்று இல்லை, நோயாளியே சொல்லலாம், வீட்டுக்காரர்களும் சொல்லலாம். எப்போது போட ஆரம்பித்தார், என்ன ஆயிற்று, கூட என்னென்ன மாத்திரை போட்டார் என்று கேட்பார்கள். காலி அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பேட்ச் எண் அதன் ஓரத்தில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரி,
வெள்ளகோவில் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.